மூளையை ஊரோடு சேர்த்துப் படிப்பது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலைத் தமிழில், பொதுமக்களும் உட்கார்ந்து கேட்கும்படி பேச வேண்டும் என்பதே இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் வைத்த ஒரே நிபந்தனை. தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் வகுப்பில் நடத்திவரும் பாடத்தையே எடுத்துக்கொண்டேன். மூளையைப் பற்றிய அறிவு ஒரு சமூகத்தை என்ன செய்கிறது, அந்தச் சமூகம் மூளையறிவியலை என்ன செய்கிறது என்பதுதான் அந்தப் பாடம். உளவியல், உயிரித் தொழில்நுட்பம், சட்டம், சமூகப்பணி, பொறியியல் என்று பல துறை மாணவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நம் பாடத்திட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் நான்கு யூனிட் நரம்பணு, சினாப்ஸ், நினைவு, உணர்ச்சி என்று போகும். ஐந்தாவது யூனிட்டின் கடைசியில் 'அறநெறிச் சிக்கல்கள்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். அந்த வரிக்கு நோட்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவோம். அறிவியல் முதலில் தனியாக நடந்தது, சமூகம் பிறகு வந்து அதைப் பயன்படுத்திக்கொண்டது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் அப்படியே பதிந்துவிடுகிறது. நடந்த வரலாறு அப்படி இல்லை. ஒவ்வொரு உண்மையைச் சொல்லும்போதும், இந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார், பணம் கொடுத்தது யார், யார் உடம்பில் செய்து பார்த்தார்கள், முடிவை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதையும் அதே வகுப்பில், அதே மணி நேரத்தில் சொல்ல வேண்டும். அதையும் நம் ஊர் ஆவணங்களை வைத்தே சொல்ல முடியும். நான் வாதாட வந்திருப்பது இவ்வளவுதான்.

உலகத்தில் எந்த மூளைப் பாடநூலைத் திறந்தாலும் ஃபினியஸ் கேஜ் இருப்பார். 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊரில், ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்த இளைஞர். வெடிமருந்து தவறி வெடித்ததில், மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார். குணம் மட்டும் மாறிவிட்டது, பொறுப்பற்றவராக, கெட்ட வார்த்தை பேசுபவராக ஆகிவிட்டார் என்று பாடநூல் கதையை முடித்துவிடும். ஆனால் அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டுக்குப் போய், குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். நேரம் தவறாமல் வண்டி கட்ட வேண்டும், பயணிகளிடம் பேச வேண்டும், தெரியாத ஊரில் தெரியாத மொழியைப் பழக வேண்டும். மால்கம் மேக்மில்லன் என்ற உளவியலாளர் பழைய ஆவணங்களைத் தேடி 2000இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இந்தப் பகுதி பலர் கவனத்துக்கு வந்தது. ஒழுங்கான அன்றாட வேலை அவரை மீட்டிருக்கலாம் என்பது மேக்மில்லனின் கருத்து. பாடநூல் கேஜின் மண்டையோட்டைப் பார்த்தது. சிலியில் அவருக்கு வேலை கொடுத்தவர்களைப் பார்க்கவில்லை. மூளையை மட்டும் படித்தால் எது விட்டுப்போகும் என்பதை மாணவர்கள் இந்த ஒரு கதையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து லோபாட்டமி, அதாவது மனநோய்க்காக நெற்றிப்புற மூளையின் நரம்பு இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவை. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கினார். 1949இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். இதைக் கேட்கும் மாணவர்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு நிறுத்திவிட்டால் ஒன்றும் கற்றுக்கொண்டதாக ஆகாது. 1955இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இடமில்லை, ஆளில்லை, மருந்தில்லை. குளோர்புரோமசின் மாத்திரை வந்ததே 1950களின் தொடக்கத்தில்தான். நிரம்பி வழிந்த அந்த வார்டுகள்தான் அறுவைக்கு வழி திறந்துவிட்டன என்று சொன்னால் அது மிகையல்ல.

இதுவரை எல்லாம் எங்கோ நடந்தவை. மாணவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அப்போதுதான் நான் சென்னைக்கு வருகிறேன்.

1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் தலைக்காயத்தோடும் மூளைக்கட்டியோடும் வந்த ஏழைகளுக்கு அந்தத் துறை உயிர் கொடுத்தது. நாட்டின் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒரு தலைமுறையே அங்கே பயின்றது. அவருடன் வேலை செய்தவர்கள் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகாவும். இவர்கள் மேல் எனக்கு இருக்கும் மதிப்பை முதலில் சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் டோக்கியோவில் நரபயாஷி என்ற மருத்துவர், அடங்காத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கு அமிக்டலா என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் அறுவையை அறிவித்தார். அமிக்டலா காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் வாதுமைப் பருப்பு அளவில் இருக்கிறது. அச்சத்தோடும் ஆவேசத்தோடும் தொடர்புடையது. சென்னையில் இந்த அறுவை 1964இல் தொடங்கியது. 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையின்படி, அதுவரை 603 பேருக்கு நடந்திருந்தது. 481 பேருக்கு இரு பக்க அமிக்டலாவில் மட்டும் செய்தார்கள். 122 பேருக்கு வேறு இடங்களில், பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸில், கூடுதலாகவும் செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் 70 சதவீதம் பேரிடம் மிக நல்ல அல்லது ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது என்று கட்டுரை சொல்கிறது. அறுவை செய்யப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை வகுப்பில் வரி வரியாகப் படிக்கிறோம். என் பாடத்தின் நடுப்பகுதி இதுதான். உளவியல் மாணவி கேட்பாள்: முன்னேற்றம் என்று மதிப்பெண் போட்டது யார்? தாயா, நர்ஸா, அறுவை செய்த மருத்துவரா? அமைதியாகிவிட்டான் என்பதும் நலமாகிவிட்டான் என்பதும் ஒன்றா? சட்ட மாணவன் கேட்பான்: சம்மதக் கையெழுத்து யாருடையது? உயிரித் தொழில்நுட்ப மாணவன் கேட்பான்: அறுவை செய்யாமல் விட்டவர்களோடு ஒப்பிட்டார்களா? எல்லாம் சரியான கேள்விகள். சமூகப்பணி படிப்பவர்கள் வேறு பக்கத்திலிருந்து வருவார்கள். மூளைக்காய்ச்சலில் பிழைத்து, வலிப்போடும் ஆவேசத்தோடும் வளரும் பிள்ளையை வைத்துக்கொண்டு, 1968இல் ஒரு கூலித் தொழிலாளிக் குடும்பம் என்ன செய்திருக்கும்? சிறப்புப் பள்ளி கிடையாது. அண்டை வீட்டார் வாசல் கதவைச் சாத்துவார்கள். தூணில் கட்டிவைத்துவிட்டுத்தான் தாய் வேலைக்குப் போக முடியும். அந்தத் தாய் பெரியாஸ்பத்திரி வாசலில் வந்து நின்று 'ஏதாவது செய்யுங்கள் ஐயா' என்று கையைப் பிடித்துக்கொண்டால் மருத்துவர் என்ன செய்வார்?

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க மாணவர்கள் பழக வேண்டும். டாக்டர்களை வில்லன்களாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வது எளிது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிட்டுத் தப்பிப்பதும் எளிது. அந்த அறுவைக்கு ஆள் அனுப்பியதில் வறுமைக்கும் கவனிப்பாரின்மைக்கும் பங்கு இருந்தது என்று நான் நம்புகிறேன். அப்படியானால் அந்தப் பங்கைக் கட்டுரையின் எந்த அட்டவணையில் எழுதுவது? எழுத இடமில்லை என்பதுதான் மாணவர் கற்க வேண்டிய பாடம்.

இதே அறுவை அமெரிக்காவில் வேறு வழியில் போனது. 1967 டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு, பாஸ்டனைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள், நகரக் கலவரங்களில் வன்முறையில் இறங்குபவர்களிடம் மூளைக்கோளாறு இருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்று மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்கள். வேலையின்மையும் நிறவெறியும் கொதித்துக் கிடந்த தெருக்களை விட்டுவிட்டுத் தலைக்குள் தேடுகிறார்களே என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 1973இல் மிச்சிகன் நீதிமன்றம் ஒன்று, கட்டாயமாக அடைத்துவைக்கப்பட்ட ஒருவர் இத்தகைய சோதனை அறுவைக்கு முழுமையான சம்மதம் தர முடியாது என்று தீர்ப்பளித்தது. கதவு பூட்டியிருக்கும்போது சொல்லப்படும் 'சரி', சரியாகாது. இதே ஆண்டுகளின் தமிழ் நாளிதழ்களை நூலகத்தில் புரட்டி, சென்னை அறுவைகள் எப்படிச் செய்தியாயின என்று தேடிவருவது என் மாணவர்களின் முதல் வீட்டுப்பாடம்.

நம் பக்கத்தில் சட்டத்தின் கவனத்தை இழுத்தது வேறொரு நெருப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. 28 பேர் கட்டப்பட்ட நிலையிலேயே இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. அதன் 96ஆம் பிரிவு, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் தெளிந்த சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. அமிக்டலாவைக் கற்பிக்கும் அதே நாளில் இந்தப் பிரிவையும் கற்பிக்கிறேன். மூளையறிவியல் மாணவருக்குச் சட்டம் வெளிப்பாடம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூளையைக் கேட்டு உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசைக்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று கொலை வழக்கில் தண்டனை வழங்கியபோது, மூளை மின் அலைச் சோதனையின் முடிவையும் ஆதாரங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. உலக நாளிதழ்கள் வியப்போடும் கவலையோடும் எழுதின. சோதனை எளியது. தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டிவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் தானே சொல்வது போன்ற வாக்கியங்களை வாசிப்பார்கள்: நான் நஞ்சு வாங்கினேன். இடையிடையே 'வானம் நீலமாக இருக்கிறது' போன்ற பொது வாக்கியங்கள் வரும். அவர் பதில் பேச வேண்டியதில்லை. செய்தவருக்கு மட்டுமே தெரிந்த அனுபவம் இருந்தால் மூளையில் தனி அலை எழும் என்பது வாதம்.

வகுப்பில் இதற்கு நிறைய நேரம் கொடுக்கிறேன், ஏனென்றால் அறிவியலும் சட்டமும் இங்கே பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்கின்றன. அலை எழுகிறது, அதில் சந்தேகமில்லை. மூளை ஒரு சொல்லை அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் அந்த அலை சொல்கிறது. நேரில் செய்ததால் அறிந்ததா, போலீஸ் விசாரணையில் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் அறிந்ததா, செய்தித்தாளில் படித்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் அமைந்த குழுவும் 2008இல் இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றே கூறியது. புனே வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்குப் பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது, பொய் அறியும் கருவி, மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இருக்கிறது. வாய் திறக்காதவரின் தலைக்குள் நுழைவதும் கட்டாயச் சாட்சியே என்று நீதிமன்றம் கண்டது. என் பார்வையில், நரம்பறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் முழுமையாகப் படிக்க வேண்டிய இந்திய ஆவணம் இந்தத் தீர்ப்புதான். கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நீதிபதிகள் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள்; பல பாடநூல்களைவிடத் தெளிவு.

இளைஞர் மூளை பற்றிய பேச்சும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட நிலையில் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னபோது, நெற்றிப்புற மூளை தாமதமாகவே முதிர்கிறது என்று மருத்துவச் சங்கங்கள் மனு போட்டிருந்தன. நாமோ 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2015 சிறார் நீதிச் சட்டத்தில், கொடிய குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரை மதிப்பீடு செய்து பெரியவராக விசாரிக்க வழி வைத்தோம். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 20 வயது. இருபத்தைந்து வரை மூளை முதிரவில்லை என்றால் எங்கள் வாக்குரிமை என்ன ஆகும் என்று அவர்களே கேட்கிறார்கள். மூளை படிப்படியாக, பகுதிக்குப் பகுதி வெவ்வேறு வேகத்தில் வளர்கிறது. அது எங்கும் கோடு போடுவதில்லை. கோடு போடுவது சட்டமன்றம். அந்தப் பொறுப்பை ஸ்கேன் படத்தின் மேல் சுமத்தக் கூடாது.

இனி எதிர்த்திசை. சமூகம் மூளையை எப்படி வடிக்கிறது என்பதற்கு, லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் நடந்த ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். 2017இல் வெளியானது. முப்பது வயதை ஒட்டிய, எழுத்தறியாத பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பித்தார்கள். முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். மேல்பரப்பில் மட்டுமல்லாமல், தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழ்ந்த பகுதிகளின் செயல்பாடும் பார்வைப் புறணியோடு இசைந்து மாறியிருந்தது. இந்தப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் மூளை அல்ல. பள்ளிக்கு அனுப்பப்படவில்லை, அவ்வளவுதான். ஊர் கொடுக்க மறுத்த ஒன்று, அரை வருடத்தில் மூளையின் அடித்தளம் வரை இறங்கியது. இதைப் படிக்கும்போது எனக்கு 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம் நினைவுக்கு வருகிறது. கல் குவாரியிலும் வயலிலும் வேலை முடித்து, அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிய பெண்கள், அதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அவர்களை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பிள்ளை பெற்ற 1,000 ஏழைத் தாய்மார்களில் ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர். 2022இல், குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது, கூடுதல் பணம் பெற்ற வீட்டுக் குழந்தைகளின் மூளை அலைகளில் வேறுபாடு தெரிவதாக முடிவு வந்தது. பணம் குழந்தையின் மூளையை வளர்க்கிறது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. நான்கு வயதில் மறுபடி பார்த்தபோது அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. உடனே, அப்படியானால் பணம் எதற்கு என்று கேட்கக் கிளம்பினார்கள். ஏழைத் தாய்க்கு உதவுவது சரியா என்ற கேள்வியைக் குழந்தையின் மூளை அலையிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியபோதும், 1982இல் அது சத்துணவாக விரிந்தபோதும், அதற்குக் காரணம் பிள்ளைகள் பசியோடு இருந்தது. அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது, இன்றும் போதுமானது. மூளையறிவியல் படித்தவர்கள் இதை மறந்தால் நாட்டுக்குத் தீங்கு செய்வோம் என்று நான் அஞ்சுகிறேன்.

மூளையின் பெயரால் வணிகமும் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் 'மிட்பிரைன் ஆக்டிவேஷன்' வகுப்புகள் பரவின. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் வாசிக்கும் என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். நடுமூளை யாருக்கும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அது பிறந்த நாள் முதல் கண்ணசைவுக்கும் ஒலிக்குத் திரும்புவதற்கும் உழைக்கிறது. மூக்கோரத்து இடைவெளியில் எட்டிப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாசித்தார்கள் என்பதைப் பகுத்தறிவு இயக்கத்தினர் மேடையிலேயே காட்டினார்கள். பணம் போனதைவிட எனக்கு வலிப்பது, எட்டு வயதுப் பிள்ளை அப்பா அம்மாவின் மகிழ்ச்சிக்காகப் பொய் சொல்லப் பழகியதுதான். என் மாணவர்கள் இறுதித் தேர்வுக்குப் பதிலாகத் தங்கள் ஊரில் மூளையின் பெயரால் விற்கப்படும் ஒன்றை எடுத்து, பெற்றோருக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தருகிறார்கள். உள்ளூர் பள்ளிகளில் அதை வாசித்தும் காட்டுகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கருவின் மூளைப் படங்களை வெளியிட்டது. 5,132 வெட்டுத் துண்டுகள். உலகில் யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் மண்ணில் நடந்த பெரிய வேலை. படத்தை வியந்து பார்த்த பிறகு, மாணவர்கள் அந்தக் கருக்களைத் தந்த குடும்பங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கேட்கட்டும் என்றுதான் பாடம் நடத்துகிறேன்.

இந்த அறக்கட்டளைக் குழுவினரிடமும் பல்கலைக்கழகத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த 603 பேரில் சிறு வயதில் அறுவை செய்யப்பட்டவர்கள் இன்று உயிரோடு இருந்தால் ஐம்பது, அறுபது வயதைத் தொட்டிருப்பார்கள். கட்டுரையில் அவர்கள் சதவீதமாக இருக்கிறார்கள். அவர்களுடைய, அவர்களை வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கா தங்கைகளுடைய, வார்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த நர்ஸுகளுடைய, அறுவை அரங்கில் உதவிய ஊழியர்களுடைய பேச்சைத் தமிழில் பதிவுசெய்ய வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, விரும்புபவர்களிடம் மட்டும், பெயரை மறைத்துச் செய்ய வேண்டும். சமூகப்பணித் துறையும் உளவியல் துறையும் சட்டத் துறையும் சேர்ந்து மாணவர்களைப் பயிற்றுவிக்கலாம். பெரிய செலவில்லை, ஒலிப்பதிவுக் கருவியும் பயணப்படியும் எழுத்தில் கொண்டுவர ஓர் ஆளும் இருந்தால் போதும். அந்த நாள் நர்ஸுகளில் பலர் ஓய்வுபெற்றுச் சென்னையிலேயே இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து இந்த ஆண்டே தொடங்கலாம்.